வாடகைக்காரர் பாதியில் காலி செய்தால்: நான்கு வழிகள், நான்கு விதமான செலவுகள்

"பதினோரு மாத அக்ரிமெண்ட். நாலு மாதம்தான் ஆகிறது. வேலை பெங்களூருக்கு மாறிவிட்டது, பத்து நாளில் காலி செய்கிறேன், அட்வான்ஸைத் தயார் செய்து வையுங்கள் என்கிறார். என்ன செய்வது?" வீட்டை வாடகைக்கு விட்டிருக்கும் வாசகர்கள் அடிக்கடி கேட்பது இது. அதோடு ஒரு கோபமும் வரும்: மீதி ஏழு மாத வாடகையையும் அவர்தானே தர வேண்டும்?

கோபம் புரிகிறது. ஆனால் அதை வைத்து முடிவெடுத்தால் பெரும்பாலும் ஓனருக்குத்தான் நஷ்டம். போகிறவரிடம் எவ்வளவு கறக்கலாம் என்பதைவிட, வீடு எத்தனை நாள் சும்மா கிடக்கப் போகிறது என்பதுதான் பெரிய கேள்வி. அதைக் குறைக்கிற வழியே நல்ல வழி என்பது என் கருத்து. அது எந்த வழி என்பது ஆளுக்கு ஆள், மாதத்துக்கு மாதம் மாறும்.

தமிழ்நாட்டில் குடியிருக்கும் வீட்டை மாத வாடகைக்கு விட்டவர்களுக்காக இதை எழுதுகிறேன். கடை, ஆபீஸ் இடங்களுக்குக் கணக்கு வேறு. போக்கியத்துக்கு விட்டவர்களுக்குக் கடைசியில் தனியாகச் சொல்கிறேன்.

## முதலில் இவற்றைப் பாருங்கள்

எந்த மாதம்? சென்னை போன்ற ஊரில் ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் வரை பள்ளிக்கூடத்தை ஒட்டி வீடு மாறுகிறவர்கள் அதிகம். டூலெட் போர்டு மாட்டிய வாரத்திலேயே ஆள் வரும். அதே வீடு ஜூலை நடுவில் காலியானால் ஆடி குறுக்கே நிற்கும். வந்து பார்ப்பார்கள், பிடித்திருக்கிறது என்பார்கள், "ஆவணி பிறந்ததும் பால் காய்ச்சிக்கிறோம்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். மார்கழியிலும் இதே கதைதான். இந்த வழக்கம் பார்க்காதவர்களும் நிறைய இருக்கிறார்கள் என்றாலும், அவர்களை மட்டும் நம்பிக் கணக்குப் போட முடியாது.

அக்ரிமெண்டில் என்ன இருக்கிறது? லாக்-இன் காலம் (இத்தனை மாதத்துக்கு முன் காலி செய்யக் கூடாது என்ற ஷரத்து) உண்டா, எத்தனை மாத நோட்டீஸ், நோட்டீஸ் கொடுக்காவிட்டால் என்ன என்று எழுதியிருக்கிறதா? அப்புறம், அது பதிவாகியிருக்கிறதா? பதினோரு மாதத்துக்கு எழுதினால் பதிவே வேண்டாம் என்று பலர் நினைக்கிறார்கள். 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தை மட்டும் பார்த்தால் அது சரி. ஆனால் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் (2017-இல் இயற்றியது), எத்தனை மாதமானாலும் எழுத்தில் ஒப்பந்தம் போட்டு ரெண்ட் அதாரிட்டியிடம் (வாடகை ஒப்பந்தங்களைப் பதியும் அரசு அதிகாரி) பதிவு எண் வாங்கச் சொல்கிறது. பதிவில்லாத அக்ரிமெண்டைக் கையில் வைத்துக்கொண்டு அதன் ஷரத்துகளுக்காக வழக்காடுவது பெரும்பாடு.

கையில் எவ்வளவு அட்வான்ஸ்? வேறு விதமாக ஒப்புக்கொண்டால் தவிர மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது அதே சட்டம். பத்து மாத அட்வான்ஸ் வாங்கிய பழைய சென்னை வழக்கம் இன்னும் சில இடங்களில் தொடர்கிறது. நீங்கள் கேட்கும் தொகை அட்வான்ஸுக்குள் அடங்கினால் பேச்சு சுலபம். அதைத் தாண்டினால் துரத்த வேண்டியவர் நீங்கள்.

ஏன் போகிறார்? வேலை மாற்றம், குடும்பத்தில் உடம்பு சரியில்லை என்பது ஒரு வகை. மழைக்குச் சுவர் ஓதம் ஏறுகிறது, தண்ணீர் வருவதில்லை, மூன்று முறை சொல்லியும் பார்க்கவில்லை என்றால் அது வேறு. அப்படி வாட்ஸ்அப்பில் அவர் அனுப்பிய மெசேஜ்கள் இருந்தால் லாக்-இன் பற்றிப் பேசும்போது உங்கள் குரல் தாழ்ந்துதான் இருக்கும்.

உங்களுக்கு உண்மையில் ஆகும் நஷ்டம் என்ன? இதுதான் முக்கியம். 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆவது பிரிவின்படி, ஒப்பந்தத்தில் ஒரு அபராதத் தொகை எழுதியிருந்தால் அதுதான் உச்சவரம்பு. அதற்குள் நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும். 73-ஆவது பிரிவு இன்னொன்றையும் பார்க்கச் சொல்கிறது: நஷ்டத்தைக் குறைக்க உங்களுக்கு வழி இருந்ததா? வீட்டை வேறொருவருக்கு விட்டிருக்கலாமே என்ற கேள்வி வந்தே தீரும்.

டெல்லியில் ஒரு மனை ஏலத்தில், ஏலம் எடுத்தவர் கட்டிய 78 லட்சம் ரூபாய் முன்பணத்தை டெல்லி வளர்ச்சி ஆணையம் பறிமுதல் செய்தது. பிறகு அதே மனையைப் பல மடங்கு விலைக்கு விற்றது. 2015-இல் அந்த வழக்கில் தீர்ப்புச் சொன்ன உச்ச நீதிமன்றம், நஷ்டமே ஆகாதபோது முன்பணத்தை வைத்துக்கொள்ள முடியாது என்றது. வீட்டு அட்வான்ஸுக்கும் இந்த வாதம் அப்படியே பொருந்தும்.

## ஒரு கணக்கு

வாடகை 18,000. அசோசியேஷன் மெயின்டனன்ஸ் 2,500, குடியிருப்பவர் கட்டுவது. அட்வான்ஸ் 54,000. லாக்-இன் ஆறு மாதம். நாலு மாதம் முடிந்து போகிறார். லாக்-இன் பாக்கி இரண்டு மாதம், அதாவது 36,000.

வீடு ஒரு மாதம் காலியாக இருந்தால் மெயின்டனன்ஸும் உங்கள் தலையில் விழும். ஆக மாதம் 20,500. மே மாதம் காலி செய்து மூன்று வாரத்தில் புது ஆள் வந்தால் நஷ்டம் சுமார் 14,000. ஜூலை முதல் வாரத்தில் போய், ஆகஸ்ட் கடைசியில்தான் ஆள் வருகிறது என்றால் 35,000-ஐ நெருங்கும். அதே ஷரத்து, அதே 36,000: மே மாதத்தில் அது அதிகம், ஆடிக்கு முன்னால் அது நியாயம்.

இன்னொரு விஷயம். மே மாதம் வரும் புது ஆள் 20,000 தருகிறார் என்றால், பழைய அக்ரிமெண்டின் மீதிக் காலத்தில் மட்டும் 12,000 ரூபாய்க்கு மேல் கூடுதலாக வரும். காலியாகக் கிடந்த மூன்று வாரத்தின் நஷ்டம் அநேகமாக ஈடாகிவிடுகிறது. அந்த நிலையில் 36,000-ஐப் பிடித்து வைப்பதற்கு என்ன நியாயம் சொல்வீர்கள்?

## வழி 1: கணக்கை முடித்து விட்டுவிடுவது

இ.பி. பில், மெயின்டனன்ஸ் பாக்கி, உடைந்த பொருள்கள். இவற்றை மட்டும் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுத்துவிடுவது. சாவி அன்றே கைக்கு வரும், மறுநாளே வீட்டைக் காட்டலாம்.

வாடகை ஏற்றத்தில் இருக்கும் பகுதி, கோடை விடுமுறைக் காலம், நல்ல முறையில் இருந்துவிட்டுப் போகும் குடும்பம் என்றால் யோசிக்கவே வேண்டாம், இதுதான் வழி. வீட்டில் இருந்த குறையால் போகிறார் என்றாலும் இதுதான். வாடகையை மாதாமாதம் இழுத்தடித்தவர் தானாகவே போகிறேன் என்றாலும் இதேதான். அவரைக் காலி செய்ய வைக்க நீங்கள் வழக்கு போட வேண்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

இதில் மறைந்திருக்கும் செலவு பெயிண்டிங். "காலி செய்தால் ஒரு மாத வாடகை பெயிண்டிங்குக்கு" என்பது ஊர் வழக்கம். ஆனால் வாடகைச் சட்டத்தின் இரண்டாவது அட்டவணை, வேறு விதமாகப் பேசிக்கொண்டிருந்தால் தவிர, வெள்ளையடிப்பதையும் கதவு ஜன்னல் பெயிண்டையும் ஓனர் பொறுப்பில்தான் வைத்திருக்கிறது. குழாய் வாஷர், ஸ்விட்ச், கீசர் ரிப்பேர், பூட்டு, கண்ணாடி போன்றவை குடியிருப்பவர் பொறுப்பு. அக்ரிமெண்டில் பெயிண்டிங் பற்றி ஒரு வரி இல்லையென்றால் நாலு மாதம் மட்டும் இருந்தவரிடம் 18,000 கேட்பது எடுபடாது. அந்தச் செலவையும் உங்கள் கணக்கில் சேர்த்துக்கொண்டு முடிவு செய்யுங்கள்.

## வழி 2: அக்ரிமெண்டைப் பிடித்துக்கொள்வது

லாக்-இன் பாக்கியையோ நோட்டீஸ் மாத வாடகையையோ அட்வான்ஸில் கழிப்பது. எழுதிக் கையெழுத்துப் போட்டது, கேட்பதில் தவறே இல்லை. ஆடிக்கு முன்னால் சொல்லாமல் கிளம்புகிறவரிடமும், கம்பெனி வாடகை கொடுக்கும் வீட்டிலும் நான் இதைத்தான் செய்யச் சொல்வேன். பெரிய கம்பெனிகள் ஷரத்தைப் பார்த்தே பணம் கொடுத்துவிடும். தனிநபரிடம் அப்படி எதிர்பார்க்க முடியாது.

கஷ்டம் எங்கே வருகிறதென்றால், அட்வான்ஸ் திரும்பாது என்று தெரிந்த நிமிடத்தில் அவர் வாடகை கட்டுவதை நிறுத்திவிடுவார். "அட்வான்ஸில் கழித்துக்கொள்ளுங்கள்" என்பார். அதைவிட மோசம், சாவியைக் கொடுக்காமல் இருப்பது. ஒரு கட்டிலையும் நாலு அட்டைப் பெட்டியையும் உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு ஊருக்குப் போய்விடுவார். சாவி வராத வரை வீடு அவர் வசம்தான். பூட்டை உடைப்பது, ஃபியூஸைப் பிடுங்குவது, தண்ணீரை நிறுத்துவது எதையும் செய்யாதீர்கள். அன்று முதல் குற்றம் உங்கள் பக்கம் திரும்பிவிடும். நம் கணக்கில் சாவி இரண்டு மாதம் தாமதமானால் 41,000 போகும். பிடித்து வைத்ததோ 36,000.

சட்டப்படி, வீடு காலியான ஒரு மாதத்துக்குள் உரிய பாக்கிகளைக் கழித்துக்கொண்டு அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும். ஆகவே கழிப்பது எதுவானாலும் தாளில் வரி வரியாக எழுதி, பில்லோடு கொடுங்கள். "மொத்தத்தில் முப்பதாயிரம் கழித்திருக்கிறேன்" என்று வாய்மொழியாகச் சொன்னால் சண்டை அங்கேதான் தொடங்கும்.

நடுவழி ஒன்று உண்டு. "இரண்டு மாத வாடகை கழிக்க எனக்கு உரிமை இருக்கிறது. சாவியை இந்த ஞாயிற்றுக்கிழமை கொடுத்துவிடுங்கள். ஒரு மாதம் மட்டும் கழித்து, மீதியை அப்போதே ஜிபே பண்ணிவிடுகிறேன்." இதற்குப் பெரும்பாலும் சம்மதம் வரும். பெங்களூரில் புது வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்க அவருக்கும் உடனே பணம் வேண்டுமே.

## வழி 3: மாற்று ஆள் வரும் வரை அவர் பொறுப்பு

எனக்கு மிகவும் பிடித்த வழி இது. பேச்சு இப்படி: "நீங்கள் எப்போது வேண்டுமானாலும் போகலாம். புது ஆளின் வாடகை தொடங்கும் நாள் வரை உங்கள் வாடகையும் மெயின்டனன்ஸும் ஓடும்; எப்படியும் லாக்-இன் முடியும் தேதியைத் தாண்டாது. ஆள் பார்ப்பதில் நீங்களும் உதவி செய்யுங்கள்."

அவருக்கு அவசரம் வருகிறது, அந்த அவசரம் உங்களுக்கு வேலை செய்கிறது. நோபுரோக்கரிலும் ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பிலும் அவரே போட்டோ போடுவார். வீட்டைப் பார்க்க வருகிறவர்களிடம் "தண்ணீர் பிரச்சினை இல்லை, ஓனர் தொந்தரவு செய்ய மாட்டார்" என்று அவர் வாயால் சொல்வதற்கு இருக்கும் மதிப்பு, நீங்கள் நூறு முறை சொன்னாலும் வராது. சாமான்களோடு, விளக்கு எரிகிற வீட்டைப் பார்ப்பவர்கள் சீக்கிரம் முடிவு செய்கிறார்கள். நஷ்டத்துக்கு உச்சவரம்பும் தெரிகிறது, இரண்டு பக்கத்துக்கும்.

ஆனால் நாலு இடத்தில் கவனம் வேண்டும்.

ஒன்று, ஆளைத் தேர்ந்தெடுப்பது நீங்கள். அவர் கொண்டு வருகிறவரை ஏற்றே ஆக வேண்டும் என்று ஒப்புக்கொள்ளாதீர்கள். அதே சமயம், வருகிற நல்ல ஆட்களையெல்லாம் காரணமில்லாமல் தட்டிக்கழித்துவிட்டு அவரிடம் வாடகை வாங்கிக்கொண்டே இருப்பதும் நியாயமில்லை. கேட்கிற இடத்தில் நிற்காது.

இரண்டு, புது ஆளோடு புது அக்ரிமெண்ட், புதுப் பதிவு. பழைய அக்ரிமெண்டிலேயே பெயரை மட்டும் மாற்றிக்கொள்வது, அல்லது "நான் வாடகை அனுப்பிவிடுகிறேன், என் நண்பர் இருக்கட்டும்" என்பதற்குத் தலையாட்டுவது வேண்டாம். உள்வாடகைக்கு உங்கள் எழுத்துப்பூர்வமான சம்மதம் வேண்டும் என்று சட்டம் சொல்வதே உங்கள் பாதுகாப்புக்குத்தான்.

மூன்று, அட்வான்ஸ். பேச்சிலர்கள் தங்கும் வீடுகளில் இதைப் பார்க்கலாம்: புதிதாக வருகிறவர் போகிறவருக்கு நேரடியாக 54,000 கொடுத்துவிடுவார், ஓனர் "சரி, உங்களுக்குள் முடித்துக்கொள்ளுங்கள்" என்பார். இரண்டு வருடம் கழித்துக் கதவு உடைந்திருக்கும், பாத்ரூம் டைல்ஸ் விரிசல் விட்டிருக்கும். நான் வரும்போதே அப்படித்தான் இருந்தது என்பார் இருப்பவர். போனவர் எங்கே என்றே தெரியாது. ஆகவே பழையவருக்கு நீங்கள் கொடுங்கள், புதியவரிடம் நீங்கள் வாங்குங்கள், நடுவில் ஒரு நாளாவது வீட்டைக் காலியாகப் பாருங்கள்.

நான்கு, அந்த இடைவெளிக்கு யார் வாடகை? பெயிண்ட் அடிக்க ஒரு வாரம் வேண்டும் என்றால் அந்த வாரம் உங்கள் கணக்கு என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

வீட்டில் பெரிய ரிப்பேர் வேலை பாக்கி இருந்தாலோ, மகள் குடும்பத்துக்கு அந்த வீடு தேவைப்பட்டாலோ, அவர் ஏற்கெனவே வெளிநாடு போய்விட்டாலோ இந்த வழி சரிப்படாது.

## வழி 4: வக்கீல் நோட்டீஸ், வழக்கு

பாக்கி அட்வான்ஸைத் தாண்டிவிட்டது, வீட்டைப் பாழாக்கிவிட்டுப் போய்விட்டார், போன் எடுப்பதில்லை. இந்த நிலைக்கு மட்டும். வாடகைப் பாக்கிக்குக் காலவரம்பு, அது கொடுக்க வேண்டிய நாளிலிருந்து மூன்று வருடம். அவசரப்பட்டு அன்றே ஓட வேண்டியதில்லை, மறந்தும் விடக் கூடாது.

வாடகைச் சட்டத்தின் கீழ் ரெண்ட் அதாரிட்டி, வாடகை நீதிமன்றம், வாடகைத் தீர்ப்பாயம் என்று மூன்று அடுக்கு உண்டு. உங்கள் கோரிக்கை எந்த இடத்தில் செல்லும் என்பதுதான் வக்கீலிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி. அவருடைய இப்போதைய முகவரி தெரியாமல் எதுவும் நகராது. வக்கீல் ஃபீஸ், வாய்தாவுக்கு வாய்தா நீங்கள் விடும் லீவு, எல்லாம் சேர்த்துப் பார்த்தால் முப்பது நாற்பதாயிரத்துக்கு இந்த வழி கட்டுபடியாகாது.

வழக்குக்கு முன்னால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுத்து மக்கள் நீதிமன்றத்தில் பேசிப் பார்க்கலாம். கோர்ட் கட்டணம் இல்லை, அங்கே சமரசம் ஆனால் அது நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடும் கிடையாது. எதிர்த்தரப்பு வந்து சம்மதிக்க வேண்டும் என்பதுதான் இதன் பலவீனம்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| வழி | கைக்கு வருவது | மறைந்திருக்கும் செலவு | எப்போது சரி |
|---|---|---|---|
| விட்டுவிடுவது | சாவி, அன்றே | பெயிண்ட், காலி நாட்கள் | கோடைக்காலம், வாடகை ஏறும் பகுதி, வீட்டில் குறை |
| அக்ரிமெண்டைப் பிடிப்பது | அதிகபட்சம் அட்வான்ஸ் அளவு | சாவி தாமதம், நிற்கும் வாடகை | ஆடி, மார்கழிக்கு முன். கம்பெனி வாடகை |
| மாற்று ஆள் | இடைவெளி இல்லாத வாடகை | அவசரத் தேர்வு, புது அக்ரிமெண்ட் | நல்லுறவு இருந்து, அவர் ஊரிலேயே இருக்கும்போது |
| வழக்கு | எப்போதோ, ஒரு பகுதி | காலம், ஃபீஸ், அலைச்சல் | பெரிய பாக்கி, பெரிய சேதம், பதிவான அக்ரிமெண்ட் |

## எந்த வழியானாலும் ஒரு தாள்

சாவி வாங்கும் நாளில் அரைப் பக்கம் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். தேதி, எத்தனை சாவிகள், இ.பி. மீட்டர் ரீடிங், கழித்த தொகைகள், கொடுத்த தொகை, அவருடைய புது முகவரி. மீட்டரை அவர் கண்ணெதிரே போட்டோ எடுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வரும் பில் அவர் போன பிறகுதான் வரும், இணைப்போ உங்கள் பெயரில்.

அவரிடமிருந்து இன்னும் பணம் வர வேண்டியிருந்தால் அதையும் அதே தாளில் எழுதுங்கள். சாவியை வாங்கிக்கொண்டு வேறொருவரைக் குடிவைத்தால், 1882-ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 111-ஆவது பிரிவின்படி ஓனரே குத்தகையை முடித்துக்கொண்டதாக எடுத்துக்கொள்ள இடம் இருக்கிறது. "இன்ன தொகை பாக்கி, அதற்கான என் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை" என்ற ஒரு வரி போதும். அதற்குப் பயந்து சாவி வாங்காமல் இருக்க வேண்டாம்.

## போக்கியத்துக்கு விட்டவர்களுக்கு

இங்கே நிலைமை தலைகீழ். எட்டு லட்சம் கொடுத்து மூன்று வருடத்துக்கு வந்தவர் ஒரு வருடத்தில் போகிறேன் என்றால், திருப்பிக் கொடுக்க வேண்டியவர் நீங்கள். அந்தப் பணம் கடனுக்கோ கல்யாணத்துக்கோ போயிருக்கும். பத்திரத்தில் தவணைக்கு முன் திருப்பித் தருவதாக எழுதாதபோது உடனே தரும் கட்டாயம் இல்லை. ஆனால் பூட்டிய வீட்டால் உங்களுக்கும் லாபமில்லை. அடுத்த போக்கியக்காரர் வந்ததும் தருகிறேன் என்று தேதி வரம்போடு எழுதிக்கொடுப்பதே பொதுவாக நடப்பது.

கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துத் தீர்க்கலாம் என்று போகாதீர்கள். பாதிப் பணம் போன பிறகும் வீடு அவரிடமே இருக்கும். மொத்தப் பணமும் சாவியும் ஒரே நாளில் கை மாற வேண்டும். பதிவு செய்த போக்கியப் பத்திரம் என்றால் பணம் கொடுக்கும் அன்றே சார்பதிவாளர் அலுவலகத்தில் ரத்துப் பத்திரத்தையும் பதிவு செய்துவிடுங்கள். அதை விட்டுவிட்டால், வருடங்கள் கழித்து வீட்டை விற்கவோ வங்கியில் கடன் கேட்கவோ போகும்போது வில்லங்கச் சான்றிதழில் அந்தப் போக்கியம் அப்படியே நிற்கும். கையெழுத்துப் போட வேண்டியவரைத் தேடி நீங்கள் அலைய வேண்டியிருக்கும்.